பாலைவனத் தூசி கடலடிக்கு இறங்கும் விதம்: ஐந்து ஜாடியில் பார்க்கும் முறை

மேட்டூர் திறந்து ஆற்றில் புதுத்தண்ணீர் வந்தால் குடத்துத் தண்ணீர் கலங்கிக் கிடக்கும். டெல்டா வீடுகளில் அதற்குப் பழைய கைவைத்தியம் தேற்றாங்கொட்டை. மண்குடத்தின் உட்புறத்தில் கொட்டையை நன்றாக இழைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றி வைத்தால், இரவு கலங்கலாக இருந்தது விடியும்போது தெளிந்திருக்கும். கொட்டையிலுள்ள பசைப்பொருள், தனித்தனியாக மிதந்த மண் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. ஒட்டியது கட்டியாகிறது, கட்டி கீழே இறங்குகிறது.

காற்றில் வந்து கடலில் விழும் பாலைவனத் தூசிக்கும் இதேதான் நடக்கிறது. அங்கே கொட்டைக்குப் பதில் நுண்பாசிகள் சுரக்கும் பசை. அதோடு மிதவைப் பிராணிகளின் குடலும் சேர்ந்துகொள்கிறது. இதைப் பள்ளி அறிவியல் மன்றத்திலேயே இரண்டு வாரத்தில் கண்ணால் பார்த்துவிடலாம். நாகப்பட்டினம், தரங்கம்பாடி, பூம்புகார், வேதாரண்யம் பக்கம் இருப்பவர்களுக்குக் கடல்நீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மற்றதெல்லாம் கடையில் கிடைக்கும்.

முதலில் ஒரு கணக்கு

இந்தக் கணக்கைப் போடாமல் ஜாடியைத் தொடவேண்டாம். எதற்காக இவ்வளவு மெனக்கெடுகிறோம் என்பது இதில்தான் இருக்கிறது.

தொலைதூரம் பறந்து வரும் தூசியில் பெரும்பாலான துகள்கள் 10 மைக்ரானுக்கும் சிறியவை. ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. திரவத்தில் சிறுதுகள் இறங்கும் வேகத்தைச் சொல்லும் ஸ்டோக்ஸ் விதிப்படி, 2 மைக்ரான் குறுக்களவுள்ள குவார்ட்ஸ் துகள் 28 டிகிரி கடல்நீரில் ஒரு நாளைக்கு இறங்கும் தூரம் கிட்டத்தட்ட 34 சென்டிமீட்டர்தான். 3000 மீட்டர் ஆழத்துக்குப் போக 24 வருஷம் ஆகும். ஆழத்தில் தண்ணீர் குளிர்ந்து பிசுபிசுப்பு கூடுவதால் உண்மையில் இன்னும் தாமதமாகும். குறுக்களவு பாதியானால் வேகம் கால்வாசியாகிவிடும். ஆகவே 1 மைக்ரான் துகளுக்கு ஒரு நூற்றாண்டு போதாது.

ஆனால் கடலில் அப்படி நடப்பதில்லை. கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனமும் ஜெர்மனியின் ஹாம்பர்க் பல்கலைக்கழகமும் 1986 முதல் அரபிக்கடலின் ஆழத்தில் புனல் வடிவப் பொறிகளைத் தொங்கவிட்டு, மேலிருந்து இறங்குவதைப் பிடித்துப் பார்த்தன. பருவக்காற்றில் மேலே பாசி பெருகும் காலத்தையொட்டி ஆழத்துப் பொறியிலும் படிவு கூடியது. தனித்துகளாக இறங்கினால் பருவத்தின் அடையாளமே ஆழத்தில் தெரியாது, எல்லாம் வருஷக்கணக்கில் கலந்துபோயிருக்கும். எனவே துகள்கள் எதிலோ ஏறிக்கொண்டுதான் இறங்குகின்றன. அந்த வண்டிதான் இந்தச் சோதனையில் நாம் பார்க்கப்போவது.

ஒரு விஷயத்தை மாணவர்களுக்குத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அரேபியா, ஈரான், தார் பாலைவனத் தூசியை அதிகம் வாங்குவது அரபிக்கடல். நம் வங்காள விரிகுடாவில் தூசியைவிட ஆறுகள் கொண்டுவரும் மண்தான் பெரும்பங்கு. இறங்கும் விதம் இரண்டுக்கும் ஒன்றே.

தூசி தயாரித்தல்

வயல் மண்ணை எடுக்காதீர்கள். அறுவடைக்குப் பின் பாளம் பாளமாக வெடிக்கும் டெல்டா களிமண்ணில், நீர் பட்டால் ஊதும் களிக்கனிமம் நிறைய. பாலைவனத் தூசி அப்படி ஊதாது. கோடியக்கரை மணலும் ஆகாது, பருமன் அதிகம். தஞ்சாவூருக்குத் தென்மேற்கே வல்லம் மேட்டுச் செம்மண் ஓரளவு பொருந்தும். அதில் இரும்பு ஆக்சைடு பூச்சு இருக்கிறது, சிவப்பாக இருப்பதால் பின்னால் அடையாளம் காண்பதும் சுலபம். பாலைவனத் தூசியில் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், களிக்கனிமங்கள், சுண்ணாம்புக்கல் எல்லாம் கலந்திருக்கும். செம்மண் அதற்கு அசலாகாது, பதிலிதான். முடிவை எழுதும்போது அதையும் எழுதுங்கள்.

200 கிராம் மண்ணை உலர்த்தி, கட்டி உடைத்து, மெல்லிய துணியில் சலியுங்கள். ஒரு வாளியில் 5 லிட்டர் ஆர்ஓ தண்ணீர் விட்டு மண்ணைப் போட்டு 2 நிமிடம் நன்றாகக் கலக்கி, அசையாமல் வையுங்கள். சரியாக 15 நிமிடம் கழித்து மேல்மட்ட 10 சென்டிமீட்டர் நீரை மட்டும் மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுங்கள். 10 மைக்ரானுக்கு மேற்பட்டவை அந்த நேரத்துக்குள் 10 சென்டிமீட்டரைத் தாண்டி இறங்கியிருக்கும். நாலு நிமிடத்திலேயே எடுத்தால் 20 மைக்ரான் வரை வந்துவிடும். அது எந்த உதவியும் இல்லாமல் தானே இறங்கி, சோதனையைக் கெடுக்கும்.

எடுத்த நீரை எவர்சில்வர் தட்டில் ஊற்றி வெயிலில் வற்றவிடுங்கள். கிடைக்கும் செந்தூளை நகைக்கடைத் தராசில் 1 கிராம் நிறுத்து, 1 லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் போட்டு ஒரு இரவு ஊறவைத்துக் குலுக்குங்கள். இதுதான் மூலக்கரைசல். இதில் 20 மில்லி எடுத்தால் 20 மில்லிகிராம் தூசி இருக்கும். ஒவ்வொரு முறை எடுக்கும் முன்னும் குலுக்கவேண்டும், இல்லையென்றால் முதல் ஜாடிக்கும் கடைசி ஜாடிக்கும் அளவு மாறிவிடும்.

மண்ணைப் பிரிக்க ஆய்வகங்களில் கால்கன் என்ற பாஸ்பேட் உப்பைச் சேர்ப்பது வழக்கம். இங்கே கூடாது. அது துகள்களை ஒட்டவிடாமல் செய்துவிடும், அதிலுள்ள பாஸ்பேட் பாசிக்கு உரமாகவும் போய்விடும்.

கடல்நீர்

பிப்ரவரி முதல் மே வரை எடுப்பது உத்தமம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்றுநீர் கலந்து உப்பு குறையும், கடலே கலங்கலாக இருக்கும். முகத்துவாரத்துக்குப் பக்கத்திலும் எடுக்கவேண்டாம். கரையில் நின்று மொண்டால் மணல்தான் வரும். ஃபைபர் படகில் போகிறவர்களிடம் கழுவிய 20 லிட்டர் கேனைக் கொடுத்து, அலை உடையும் இடம் தாண்டி மொண்டுவரச் சொல்லுங்கள். இறால் பண்ணைக்காரர்களிடம் உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் இருக்கும். உப்பு 32 முதல் 35 பிபிடி (ஆயிரத்தில் 32 முதல் 35 பங்கு) இருந்தால் சரி.

கொண்டுவந்ததும் மெல்லிய ஸ்கிரீன் பிரிண்டிங் துணியில் வடிகட்டுங்கள். இதில் கோபிபாட் போன்ற நுண்பிராணிகள் நின்றுவிடும், பாசி தப்பி வரும். வந்த நீரில் 8 லிட்டரைப் பாசி வளர்க்க எடுத்துக்கொள்ளுங்கள். 5 லிட்டரைக் காபி வடிகட்டும் தாளில் இரண்டு முறை வடித்து, 70 டிகிரி வரை சூடாக்கி, ஆறவைத்து, மூடி இருட்டில் வையுங்கள். இது உயிர் நீக்கிய கடல்நீர். கொதிக்கவிட்டால் சுண்ணாம்பு வெள்ளையாகப் பிரிந்து தூள்தூளாக மிதக்கும். அப்புறம் எது தூசி, எது சுண்ணாம்பு என்று தெரியாது. மிச்ச நீர், இறாலின் தூரத்து உறவான ஆர்ட்டீமியா என்ற சிறு பிராணியை வளர்க்க.

பாசியும் ஆர்ட்டீமியாவும்

தேவை டயாட்டம், அதாவது சிலிக்கா ஓடு கட்டும் நுண்பாசி. இறால் குஞ்சுப் பண்ணைகளில் கீட்டோசெரஸ் அல்லது ஸ்கெலிட்டோனிமா வளர்ப்பார்கள். அரை லிட்டர் கேட்டு வாங்கினால் வேலை பாதியாகக் குறையும். கிடைக்காவிட்டால் வடிகட்டிய கடல்நீரிலுள்ள பாசியையே பெருக்கலாம். லிட்டருக்கு சோடியம் நைட்ரேட் 75 மில்லிகிராம், சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 5 மில்லிகிராம், சோடியம் மெட்டாசிலிக்கேட் 30 மில்லிகிராம். இவ்வளவு சிறிய அளவை நிறுக்க முடியாது. ஆகவே முறையே 7.5 கிராம், 0.5 கிராம், 3 கிராம் எடுத்து, தனித்தனியாக 100 மில்லி ஆர்ஓ நீரில் கரைத்து வைத்துக்கொண்டு, லிட்டருக்கு ஒவ்வொன்றிலும் 1 மில்லி விடுங்கள். சிலிக்கேட்டைக் கடைசியில், கலக்கிக்கொண்டே விடவேண்டும். சிலிக்கேட் இல்லாமல் டயாட்டம் ஓடு கட்டாது, வேறு பச்சைப்பாசி முந்திக்கொள்ளும். சிலிக்கேட் கரைசல் கையை அரிக்கும், கையுறை போடுங்கள்.

மீன்தொட்டிக் காற்றுப் பம்பு, 20 சென்டிமீட்டர் தூரத்தில் இரண்டு எல்இடி டியூப், நாளுக்கு 12 மணி நேர வெளிச்சம். நேர்வெயில் வேண்டாம், நம் ஊர் சித்திரை வெயிலில் ஜாடி வெந்துவிடும். ஐந்து முதல் ஏழு நாளில் தண்ணீர் வடித்த டீ நிறத்துக்கு வரும்.

நிறம் உச்சத்துக்கு வந்த அன்றே பயன்படுத்துவதுதான் பலர் செய்யும் தவறு. இன்னும் இரண்டு, மூன்று நாள் பொறுங்கள். உரம் தீர்ந்தபின் பாசியால் பெருக முடியாது. ஆனால் வெளிச்சத்தில் சர்க்கரை தயாரிப்பது நிற்பதில்லை, அந்த உபரியைத்தான் பசையாக வெளியே விடுகிறது. இளம்பாசி கையில் தண்ணீர்போல் ஓடும். முதிர்ந்த பாசியில் விரலை நனைத்துத் தேய்த்தால் வெண்டைக்காய்ச் சாறுபோல் லேசாக வழுக்கும். கண்ணுக்குத் தெரியாத இந்தப் பசைத்துணுக்குகள்தாம் கடலில் தூசியைப் பிடிக்கும் கண்ணி.

ஆர்ட்டீமியா முட்டை வண்ணமீன் கடைகளில் கிடைக்கும். 1 லிட்டர் கடல்நீரில் 2 கிராம், 28 டிகிரி, பலமான காற்று, வெளிச்சம். 24 மணி நேரத்தில் பொரியும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடுகள் மேலே மிதக்கும், குஞ்சுகள் கீழே வெளிச்சம் விழும் மூலையில் கூடும். அங்கிருந்து உறிஞ்சி எடுங்கள். பழுப்பு ஓடு ஒன்றுகூட வரக்கூடாது, அது பின்னால் தூசிபோலவே தோன்றும். பொரித்த முதல் நிலையில் குஞ்சுக்கு வாய் திறந்திருக்காது, ஏறக்குறைய எட்டு மணி நேரம் கழித்துத் தோலுரித்தபின்தான் தின்னும். புதிய தொட்டியில் விட்டு, தினம் பாசி கொடுத்துப் பத்து நாள் வளர்க்கவேண்டும். ஆகவே பாசியை மூன்று நாள் முந்தித் தொடங்குங்கள்.

கடலில் தூசியை விழுங்கி எச்சமாக இறக்கும் வேலையைச் செய்வது கோபிபாட், கூழ்போன்ற உடம்புள்ள சால்ப் முதலிய மிதவைப் பிராணிகள். ஆர்ட்டீமியா கடலில் வாழ்வதில்லை, உப்பளத்து ஜீவன். ஆனாலும் கோபிபாட்டைப்போலவே எச்சத்தை மெல்லிய சவ்வில் பொதிந்து வெளியேற்றும், அகப்பட்ட துகளையெல்லாம் வடிகட்டி விழுங்கும், வெறுங்கண்ணுக்கும் தெரியும். பள்ளிக்கு இதைவிட வசதியான பிராணி கிடையாது.

ஐந்து ஜாடிகள்

1 லிட்டர் கொள்ளும், 10 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள, உருண்டையான ஊறுகாய் ஜாடி ஐந்து.

முதல் ஜாடியில் ஆர்ஓ தண்ணீரும் தூசியும். இரண்டாவதில் உயிர் நீக்கிய கடல்நீரும் தூசியும். மூன்றாவதில் பாதி முதிர்ந்த பாசிநீர், பாதி உயிர் நீக்கிய கடல்நீர், தூசி. நான்காவதில் மூன்றாவதிலுள்ள எல்லாம், அதோடு 50 ஆர்ட்டீமியா. ஐந்தாவதில் மூன்றாவதைப்போலவே, தூசி மட்டும் இல்லாமல். தூசிக்கரைசலுக்குப் பதில் 20 மில்லி ஆர்ஓ தண்ணீர். மற்ற நான்குக்கும் தலா 20 மில்லி மூலக்கரைசல்.

இவற்றில் முக்கியமானது இரண்டாவது ஜாடி. உப்பே களித்துகளைச் சேர்த்துவைக்கும். நன்னீரில் ஒன்றையொன்று விலக்கும் மின்சுமையை உப்பு அடக்கிவிடுகிறது, மோதினால் ஒட்டிக்கொள்கின்றன. கொள்ளிடம் கடலில் சேருமிடத்தில் வண்டல் படிவதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டாவது ஜாடி இல்லாவிட்டால் உப்பு செய்ததையும் பாசியின் கணக்கில் எழுதிவிடுவோம்.

அளவையும் கூட்டாதீர்கள். நன்றாகத் தெரியட்டும் என்று லிட்டருக்கு 1 கிராம் போட்டால் துகள்கள் நெருக்கியடித்து ஓயாமல் மோதும், இரண்டாவது ஜாடியும் மூன்றாவது ஜாடியும் ஒரே வேகத்தில் தெளியும். உயிருக்கு இதில் பங்கே இல்லை என்ற தப்பான முடிவுக்கு வந்துவிடுவோம். நடுக்கடலில் தூசி மிகமிக அரிது. ஒரு துகள் இன்னொன்றைச் சந்திப்பதே அபூர்வம். அதனால்தான் அங்கே பசை விரித்த பாசியும் நாளெல்லாம் நீரை வடிக்கும் பிராணியும் தேவைப்படுகின்றன. 20 மில்லிகிராம்கூடக் கடலைவிட எத்தனையோ மடங்கு அதிகம். ஆனாலும் வித்தியாசம் தெரிய அது போதும்.

உருட்டுதல்

பாசியும் தூசியும் சும்மா நின்ற நீரில் சரியாகச் சேராது, மெல்லிய அசைவு வேண்டும். நான்காவதைத் தவிர மற்ற ஜாடிகளை விளிம்புவரை நிரப்பி, ஒரு காற்றுக்குமிழியும் இல்லாமல் மூடி, படுக்கவைத்து 24 மணி நேரம் உருட்டுங்கள். நிமிடத்துக்கு 10 சுற்று சுற்றும் 12 வோல்ட் கியர் மோட்டாரில் 20 மில்லிமீட்டர் பருமனுள்ள உருளையை மாட்டி, அதற்கு இணையாகச் சும்மா சுழலும் இன்னொரு உருளையை வைத்து, மேலே ஜாடியைக் கிடத்தினால் ஜாடி நிமிடத்துக்கு 2 சுற்று சுற்றும். உருளைக்குப் பழைய சைக்கிள் டியூபைப் போர்த்துங்கள், வழுக்காது. இருட்டில் உருட்டுவது நல்லது. வெளிச்சம் பட்டால் பாசி ஆக்ஸிஜன் விட்டுக் குமிழி கட்டும். குமிழி ஒன்று இருந்தாலும் உள்ளே ஓடி ஓடிக் கட்டிகளை உடைத்துவிடும். வேகம் கூடினாலும் கட்டி பிய்ந்துபோகும், மிகக் குறைந்தால் சுவரில் ஒட்டிக்கொள்ளும். மோட்டார் கிடைக்காவிட்டால் அரைமணிக்கு ஒருதரம் மேசைமேல் கையால் ஒரு நிமிடம் உருட்டலாம், பலன் குறையும்.

நான்காவது ஜாடியை உருட்டவேண்டாம், நிற்கட்டும். ஆர்ட்டீமியாவை அதில் விடுமுன் இரண்டு மணி நேரம் சுத்தமான கடல்நீரில் பட்டினி போடுங்கள். குடல் காலியாகி உடம்பு கண்ணாடிபோல் ஆகும். ஜாடியில் விட்டு அரைமணி கழித்து, பின்னாலிருந்து டார்ச் அடித்து, கைலென்ஸில் பாருங்கள். மல்லாந்து நீந்தும் ஒவ்வொன்றின் நடுவிலும் தலையிலிருந்து வால்வரை ஒரு செங்கோடு ஓடும். அதுதான் நாம் போட்ட செம்மண். சற்று நேரத்தில் வால்முனையில் சிவந்த நூல்துண்டு ஒன்று நீண்டு, அறுந்து, நேராகக் கீழே இறங்கும். கலங்கலாகப் பரவிக்கிடந்த தூசி, உறைபோட்ட பொட்டலமாகப் போகிறது. பாசி இல்லாமல் வெறும் தூசியில் விட்டால் இரையில்லாமல் ஓய்ந்துவிடும். தூசி மிதமிஞ்சினால் வடிகட்டும் கால்கள் அடைத்துக்கொள்ளும்.

பார்ப்பதும் அளப்பதும்

உருட்டியவற்றை மெதுவாக நிமிர்த்தி வையுங்கள். மூன்றாவதில் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் பஞ்சுத்துணுக்குகள் உருவாகியிருந்தால் சில நிமிடத்தில் அடியில் சேரும். ஆழ்கடலில் இப்படி ஓயாமல் இறங்குவதைக் கடல்பனி என்பார்கள். அரை மில்லிமீட்டரைத் தாண்டிய கட்டிகளுக்குத்தான் அந்தப் பெயர். இரண்டாவதில் பொடிப்பொடியாகச் சேர்ந்து மெல்ல இறங்கும். முதலாவதில் மறுநாளும் மங்கல் தெரியும். 1 மைக்ரான் துகள் 13 சென்டிமீட்டர் இறங்கவே ஒன்றரை நாள் ஆகும். ஒரே இடத்தில் வைத்த டார்ச், வெளிச்ச அளவைப் பூட்டிய செல்போன் கேமரா, மணிக்கொரு படம். பாசியின் நிறம் குழப்பும் என்பதால் மூன்றையும் நான்கையும் ஐந்தோடு ஒப்பிடவேண்டும், ஒன்றோடும் இரண்டோடும் அல்ல.

வேகத்தை அளக்க 1 லிட்டர் அளவுஜாடியில் உயிர் நீக்கிய கடல்நீரை நிரப்பி, அதில் ஐம்பதுக்கு ஒரு பங்கு ஆர்ஓ தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள், சோதனை ஜாடிகளிலும் அவ்வளவு சேர்ந்திருக்கிறது. உப்பு வேறானால் கட்டி நடுவில் நின்றுவிடும். அளவுஜாடியையும் மற்ற ஜாடிகளையும் முந்தின இரவே ஒரே தண்ணீர்த் தொட்டியில் வைத்துவிடுங்கள். ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தாலும் உள்ளே நீரோட்டம் கிளம்பி, இறங்கும் கட்டியை மேலே தள்ளும். மின்விசிறியை நிறுத்துங்கள், ஜன்னல் வெயில் படக்கூடாது.

முனையை 5 மில்லிமீட்டர் அகலத்துக்கு வெட்டிய பிளாஸ்டிக் ஃபில்லரால் ஒரு கட்டியை நோகாமல் எடுத்து, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே விடுங்கள், பீய்ச்சவேண்டாம். முதல் 10 சென்டிமீட்டரை விட்டுவிட்டு அடுத்த 10 சென்டிமீட்டரைக் கடக்கும் வினாடிகளை எண்ணுங்கள். 8640ஐ அந்த வினாடியால் வகுத்தால் நாளுக்கு எத்தனை மீட்டர் என்று வரும். 80 வினாடி என்றால் 108 மீட்டர். அந்த வேகத்தில் 3000 மீட்டருக்கு நாலே வாரம். தனித்துகளின் 24 வருஷத்தை இதோடு பக்கத்தில் எழுதிப் பாருங்கள். சுவரை ஒட்டி இறங்குவதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு வகைக்கும் குறைந்தது பத்துக் கட்டி.

மூன்றாவதிலும் ஐந்தாவதிலும் ஒரே பருமனுள்ள கட்டிகளாகத் தேடி அளந்தால் விஷயத்தின் மறுபக்கம் புரியும். தூசி ஏறிய கட்டி வேகமாக இறங்கும். தூசி இல்லாதது ஆடி அசைந்து வரும், சிலது நடுவிலேயே நிற்கும். பாசி தூசியை இறக்குகிறது, தூசியின் எடையோ பாசியை இறக்குகிறது. பாசியோடு அதிலுள்ள கார்பனும் ஆழத்துக்குப் போகிறது. தூசியைக் கூட்டிக்கொண்டே போனால் கட்டிகள் எண்ணிக்கையில் பெருகி, உருவில் சிறுத்துப்போவதையும் பார்க்கலாம். 40, 80 மில்லிகிராம் என்று அடுத்தடுத்த சுற்றில் மாற்றிச் செய்யுங்கள்.

நான்காவதின் அடியிலிருந்து எச்சத்துண்டுகளை எடுத்து இதேபோல் அளக்கலாம். நீளமும் பருமனும் வேகத்தை மாற்றும், வரைபடத்தாள்மேல் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடலில் கோபிபாட் எச்சம் நாளுக்குச் சில பத்து மீட்டரிலிருந்து இருநூறு மீட்டர்வரை இறங்கும், சால்ப் எச்சம் ஆயிரத்தையும் எட்டும். அடியில் விழுந்ததை அன்றே அளக்கவேண்டும். நம் வெப்பத்தில் மறுநாளே பாக்டீரியா உறையைத் தின்று பொட்டலத்தைப் பிரித்துவிடும், தூசி மறுபடி கலங்கும். கடலிலும் எல்லாப் பொட்டலமும் அடிவரை போய்ச்சேர்வதில்லை. வழியில் பிரிந்ததை இன்னொரு கட்டியோ இன்னொரு பிராணியோ மறுபடி பிடித்துக்கொள்கிறது.

முடிந்தபின் பாசிநீரையும் ஆர்ட்டீமியாவையும் வாய்க்காலிலோ குளத்திலோ ஊற்றாதீர்கள். வாளியில் சேர்த்து ஒரு கரண்டி பிளீச்சிங் பவுடர் போட்டு ஒரு நாள் வைத்து, பிறகு சாக்கடையில் விடுங்கள். ஜாடிகளைச் சோப்புப் போடாமல் வெந்நீரில் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். சோப்பு மிச்சம் இருந்தால் அடுத்த சுற்றில் கட்டி சேராது.